ராஜா தேசிங்கு

ராஜா தேசிங்கு (இறப்பு: அக்டோபர் 3, 1714) செஞ்சிக் கோட்டையை ஓராண்டுக்கும் குறைவான காலமே ஆண்ட புந்தேல இராசபுத்திர மன்னர் ஆவார். இவரது இயற்பெயர் தேஜ் சிங். தமிழர் நாவில் அது தேசிங்கு என மருவியது. ஒரே போரில் தோற்று இளவயதில் மடிந்த இவர், தேசிங்குராஜன் கதை என்னும் கதைப்பாடலின் நாயகனாகவே இன்று பெரிதும் அறியப்படுகிறார்.

வரலாறு

முகலாயத் தளபதி சுல்பிகார் கான் நீண்ட முற்றுகைக்குப் பின் 1698 இல் மராத்தியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். பேரரசர் அவுரங்கசீப் பின்னர் கோட்டையைச் சொரூப் சிங்கிடம் ஒப்படைத்தார். அவரது மறைவுக்குப் பின் மகன் தேசிங்கு பொறுப்பேற்றார். தந்தை செலுத்தாமல் விட்ட நிலுவைத் தொகையை ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கோரினார். கோட்டை பேரரசரின் ஆணைப்படி தமக்கு உரியது என்று கூறித் தேசிங்கு மறுத்தார். நவாபின் பெரும்படையைச் சில நூறு குதிரை வீரர்களுடன் எதிர்த்த அவர் களத்திலேயே உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 22 என்பர். அவரது மனைவி உடன்கட்டை ஏறினார். அவரது நினைவாகவே நவாப் இராணிப்பேட்டையை அமைத்தார் எனக் கூறப்படுகிறது.

கதைப்பாடல்

வரலாற்றில் வரிப்பூசலாக இருந்தது, பாடலில் குதிரையில் தொடங்குகிறது. தில்லி பாதுசாவிடம் எவருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரை இருக்கிறது. அதை அடக்க முயன்று தோற்ற தந்தை சிறைப்படுகிறார். சிறுவன் தேசிங்கு தில்லி சென்று குதிரையை அடக்கி, தந்தையை மீட்டு, அக்குதிரையையே பரிசாகப் பெறுகிறான். பாடலில் தந்தையின் பெயர் தேரணிசிங். வரலாற்றுப் பெயருடன் இது பொருந்தவில்லை.

பாடலின் உயிர்நாடி மகபத்கானின் நட்பு எனலாம். தோழனிடமிருந்து அழைப்பு வந்ததும் அவன் தன் திருமணத்தையே விட்டுவிட்டுப் போர்க்களம் விரைகிறான். சிங்கவரம் அரங்கநாதர் போருக்குப் போக வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், தேசிங்கு கேட்கவில்லை. அக்குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளின் தலை திரும்பியிருப்பதற்கு ஊரார் இன்றும் இக்காரணத்தையே கூறுகின்றனர். தோழனையும் இழந்தபின் தேசிங்கு தன் வாளை வானில் எறிந்து, அதை மார்பில் ஏந்தி உயிர்விடுகிறான்.

வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் இளைஞன், இந்து-முசுலிம் நட்பு, தமிழ்ப் பாட்டு என்ற இந்தச் சேர்க்கை வியப்புக்குரியது. குதிரையையும் தோழனையும் இளவயது மரணத்தையும் பாடும் வழக்கம் அமெரிக்க மாட்டிடையர்களான கௌபாய்களின் பாடல்களிலும் உண்டு. எனினும் அவற்றின் நாயகர் பெரும்பாலும் பெயரறியாத கூலியாட்கள். இங்கோ நாயகன் கோட்டைக்கு உரியவன்.

தெருக்கூத்தாகவும் பெரிய எழுத்துப் பதிப்புகளாகவும் இக்கதை ஊர்தோறும் பரவியது. 1960 இல் எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த ராஜா தேசிங்கு திரைப்படம் வெளிவந்தது.

நினைவிடங்கள்

தேசிங்கின் உடல் செஞ்சிக் கோட்டையில் உள்ள செட்டிகுளத்தின் கரையில் எரியூட்டப்பட்டது என்பர். 2025 இல் இக்கோட்டை மராத்திய இராணுவ நிலப்பரப்புகளின் ஓர் அங்கமாக யுனெசுகோ உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மகபத்கானுக்கும் ஒரு குதிரைக்கும் உரியவை எனக் கருதப்படும் சமாதிகள் செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் உள்ளன.