வாயுவுக்குள் மூலக்கூறை அளந்த வத்திராயிருப்பு விஞ்ஞானி

தேக்கா உணவு நிலையத்தில் வாங்கிய சோறு ஆறிப்போனால், வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தவுடன் சூடாகிவிடுகிறது. காரணம், சோற்றில் உள்ள நீர். நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் கொண்டது. அடுப்பின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் அந்த மூலக்கூறுகளும் திரும்ப முயன்று, ஒன்றோடொன்று மோதிச் சூட்டை உண்டாக்குகின்றன.

மூலக்கூறில் மின்னேற்றம் இப்படிப் பிரிந்திருக்கும் அளவை ‘இருமுனைத் திருப்புத்திறன்’ என்பார்கள். கண்ணுக்கே தெரியாத ஒன்றில் இதை எப்படி அளப்பது? அதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் தமிழரான கே.எஸ். கிருஷ்ணன்.

வேதியியல் கூடத்திலிருந்து கல்கத்தாவுக்கு

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4ஆம் தேதி, இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பின்னர் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராக வேலை பார்த்தார். மதிய உணவு வேளையில் அவரைச் சுற்றி மாணவர்கள் கூடி, கேள்வி கேட்டு விவாதிப்பது வழக்கம்.

1920ல் கல்கத்தா சென்ற அவர், 1923ல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

வாயு சொன்ன சேதி

அதற்கு முன்பே, 1912ல், நெதர்லாந்தில் பிறந்த பீட்டர் டிபை ஒரு வழி காட்டியிருந்தார். இரு உலோகத் தகடுகளுக்கு இடையே வாயுவை நிரப்பி மின்புலம் கொடுத்தால், இருமுனை மூலக்கூறுகள் ஓரளவு ஒரே பக்கம் திரும்பும். சூடு ஏற ஏற அந்த வரிசை கலையும். எவ்வளவு கலைகிறது என்று பார்த்தால் திருப்புத்திறனைக் கணக்கிடலாம்.

ஆனால் அந்த இருமுனை, மூலக்கூறின் எந்தத் திசையில் அமைந்திருக்கிறது? இதற்கு ராமனும் கிருஷ்ணனும் ஒளியைத் துணைக்கு அழைத்தார்கள். வாயு சிதறடிக்கும் ஒளியைப் பார்த்தால், மூலக்கூறு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது தெரியும். மின்புலத்தில் இருக்கும் வாயுவுக்குள் செல்லும் ஒளி, அதிரும் திசைக்கு ஏற்ப வெவ்வேறு வேகத்தில் போகும். இதுவே ‘கெர் விளைவு’. இரண்டையும் இணைத்தால் இருமுனையின் அளவோடு அதன் திசையும் பிடிபடும். 1927ல் இதே சிந்தனையைத் திரவங்களுக்கும் விரிவுபடுத்தினார்கள்.

1928ல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது, ‘நேச்சர்’ இதழில் வெளியான முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தது. 1930ல் நோபெல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. அதற்குள் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்பை ஆராயத் தொடங்கியிருந்தார். அந்த ஆய்வு அவருக்கெனத் தனிப் பெயரைத் தந்தது. 1940ல் லண்டன் ராயல் சங்க உறுப்பினர், 1946ல் ‘சர்’ பட்டம், 1947ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் எனப் பெருமைகள் தொடர்ந்தன. 1961 ஜூன் 14ஆம் தேதி காலமானார்.

இன்றும் தொடரும் பாதை

கரியமில வாயுவின் மூலக்கூறில் இரு முனைகளிலும் ஆக்சிஜன் இருப்பதால் இருமுனை இல்லை. ‘நான்முனை’ அமைப்பு மட்டும் உண்டு. 1963ல் பக்கிங்ஹாம், டிஷ் என்ற இருவர், சீரற்ற மின்புலத்தில் வைத்த அந்த வாயுவுக்குள் ஒளியைச் செலுத்தி அதையும் அளந்தார்கள். மூலக்கூறின் மின்னமைப்பை ஒளியைக் கொண்டு அறியும் அதே பாதைதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் நுண்துளைப் பொருட்கள் சிலவற்றில் அந்த வாயு ஒட்டிக்கொள்ள நான்முனையும் ஒரு காரணம். ஜூரோங் தீவின் கரியமில வாயுவைச் சேகரிப்பது பற்றிப் பேசப்படும் சிங்கப்பூரில், வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் கிருஷ்ணனின் பெயரையும் அறிந்திருப்பது நல்லது. ராமனுக்குத் துணை நின்றவர் என்பதற்காக மட்டுமல்ல. ஒரு குடுவை வாயுவிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு விடை வாங்கிய விஞ்ஞானி என்பதற்காகவும்.