வரியால் தோற்று, வரி போட வந்தவர்

ஆர்.கே.சண்முகம் செட்டியார்னு சொன்னா, பொது அறிவுப் புத்தகத்துல ஒரு வரி ஞாபகம் வரும்: சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர். அதோட அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். ஆனா இந்த மனுஷன் தேர்தல்ல தோத்ததுக்குப் பெரிய காரணமே இறக்குமதி வரி பத்தின ஒரு ஒப்பந்தம்தான்.

1892-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். மில் நடத்திய வணிகக் குடும்பம். சென்னையில் சட்டம் படித்தார். அப்புறம் கோவை நகராட்சி, சென்னை சட்டசபை, 1924-ல் டெல்லி மத்திய சட்டசபைனு ஏறிக்கிட்டே போனார்.

அவர் வளர்ந்த காலத்துல ஒரு விநோதமான வரி இருந்தது. 1896-லிருந்து இங்கிலாந்துத் துணிக்கு 3.5% இறக்குமதி வரி. சரி, நம்ம மில்லுக்குப் பாதுகாப்புன்னு நினைப்பீங்க. இல்லை! இந்தியாவில் நெய்த மில் துணிக்கும் அதே 3.5% உற்பத்தி வரி. லங்காஷயர் மில்காரர்களுக்கு நஷ்டம் வரக்கூடாதாம். அந்த உற்பத்தி வரி ஒழிய 1926 ஆயிடுச்சு.

1930-ல் காட்சி மாறியது. இங்கிலாந்துத் துணிக்கு 15%, மற்ற நாட்டுத் துணிக்கு 20% வரி. ஜப்பான் துணி மலிவா வந்து குவிய, 1933-ல் அதன் மேல் வரி 75% வரை போனது. அதே சமயத்துல, 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவை மில்களுக்கு மின்சாரம் வந்தது. பருத்தியும் பக்கத்திலேயே விளைந்தது. கோவையில் மில்கள் பெருகின.

சிக்கலும் அதே 1932-ல்தான் வந்தது. பிரிட்டன் தன் இறக்குமதிக்கெல்லாம் பொதுவா 10% வரி போட்டது. பேரரசு நாடுகளுக்குச் சலுகை வேணும்னா கனடாவின் ஒட்டாவா நகரத்துக்கு வந்து பேசணும். இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் போனார். முடிவு இதுதான்: நம்ம சரக்குக்கு அங்கே சலுகை, பதிலுக்குப் பல பிரிட்டிஷ் பொருள்களுக்கு இங்கே 10%, சிலவகை மோட்டார் வண்டிகளுக்கு 7.5% சலுகை.

அவர் கணக்கு புரியாத கணக்கு இல்லை. கையெழுத்துப் போடலைன்னா நம்ம தேயிலை, பதனிட்ட தோல் எல்லாம் பிரிட்டனில் விலை ஏறி நிற்கும். எதிர்த்தவங்க கணக்கும் தப்பில்லை. நாம விற்பது பெரும்பாலும் கச்சாப் பொருள், வாங்குவது இயந்திரத்தில் செய்த பொருள். பிரிட்டிஷ் பொருளுக்குச் சலுகை கொடுத்தா, இங்கே அதைச் செய்யக் கத்துக்கிற தொழில் எப்படித் தலையெடுக்கும்?

மத்திய சட்டசபைக்கே தலைவரா இருந்தவர், 1934 தேர்தலில் தோற்றார். ஒட்டாவா அவர் முதுகில் சுமையா ஒட்டிக்கிச்சு. 1935-லிருந்து 1941 வரை கொச்சி திவான். கொச்சித் துறைமுகம் வளர்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1944-ல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கும் போனார்.

காங்கிரஸ்காரரா இல்லாத அவரையே நேரு அமைச்சரவை நிதிக்குக் கூப்பிட்டது. 1947 நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்: வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி ரூபாய். அதில் துணி, நூல் ஏற்றுமதி மேல் வரி போட்டவர், ஒரு மில் குடும்பத்துப் பிள்ளை! வருமான வரி விசாரணைப் பட்டியலில் சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் 1948-ல் பதவி விலகினார். தமிழிசைக்கு உழைத்தார், சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதினார். 1953-ல் மறைந்தார்.

கோட்டைப்பட்டினம் பக்கம் இருக்கிற நமக்கு ஏற்றுமதின்னா மீன்தான் கண்ணில் நிற்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50% வரி போட்டப்போ திருப்பூர் பனியனும் ஆடிப்போச்சு. ஒட்டாவாவில் இருந்த அதே கேள்விதான்: அடுத்தவன் சந்தைக்காக எவ்வளவு விட்டுக்கொடுப்பது? வரிச் சுவர் கொஞ்ச காலம்தான் வாங்கித் தரும். அந்தக் காலத்துக்குள்ள மின்சாரம், மெஷின், வேலைத்திறன் மூணையும் சரி பண்ணிக்கிட்டவன்தான் சுவர் இடிஞ்சாலும் நிப்பான். அந்த மூணும் நம்ம டிபார்ட்மென்ட் வேலை, மக்களே.