முக்கோணத்தால் நாட்டை அளந்தவர்



திரிகோணமிதி என்றாலே முதல் வருஷத்தில் எனக்குக் காய்ச்சல் வரும். சைன், காஸ் எல்லாம் எதற்கு என்று அலுத்துக்கொள்ளாதவர் நம்மில் யார்? என் பயத்தைப் போக்கியது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் வேலையைத் தொடங்கிய இடம், தாம்பரத்திலிருந்து நாம் மின்சார ரயிலில் தாண்டிப் போகிற பரங்கிமலைதான்!

வில்லியம் லாம்டன் 1753 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1781-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அமெரிக்கப் போரில் யார்க்டவுனில் கைதியானார். பிறகு கனடாவில் பல வருஷம், பேரும் புகழும் இல்லாத சின்ன உத்தியோகம். கிடைத்த நேரத்தில் எல்லாம் கணிதம் படித்தார். 1799 ஸ்ரீரங்கப்பட்டண யுத்தத்தின்போது ஓர் இரவு, படை திசை தப்பிப் போவதை நட்சத்திரம் பார்த்தே கண்டுபிடித்தார் என்பார்கள்.

போர் முடிந்ததும் தென்னிந்தியாவை அளக்கத் திட்டம் கொடுத்தார். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் சைன் விதிப்படி மற்ற இரண்டு பக்கமும் வந்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். காடு, ஆறு எதையும் செயின் போட்டு அளக்க வேண்டாம். ஆனால் முதல் கோடு தப்பினால் எல்லாமே தப்பு!

அந்த முதல் கோட்டை 1802 ஏப்ரல் 10-ல் ஆரம்பித்தார். அப்போது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியைச் சுமார் 400 தடவை போட வேண்டும். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் கொடுத்து, தெர்மாமீட்டர் வைத்துத் திருத்தம் கணக்கிட்டார். மே 22-ல் வேலை முடிந்தது.

சில வருஷத்தில் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை முக்கோணங்கள் போய்ச் சேர்ந்தன. பழைய வரைபடம் 400 மைல் என்று காட்டிய அகலம் 360 மைல்தான் என்று தெரிந்தது!

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. வேறொருவர் கைவிட்டிருப்பார். அவரோ கூடாரத்துக்குள் ஆறு வாரம் இருந்து அதை நிமிர்த்தி மறுபடி கோணம் பார்த்தார்.

1823 ஜனவரியில் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில், வேலை நடுவிலேயே காலமானார். எவரெஸ்ட் என்பவர் அதைத் தொடர்ந்தார். பின்னாளில் இமயச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 1856-ல் வெளியான 29,002 அடிக்கும் இன்றைய அளவுக்கும் வித்தியாசம் சுமார் 30 அடிதான்.

கம்பெனிக்கு நிலமும் வரியும் வேண்டும், அதற்கும் இந்த அளவு உதவியது என்பதை மறக்கக் கூடாது. கொடி பிடித்தவர்களும் சங்கிலி சுமந்தவர்களும் நம்ம ஊர்க்காரர்கள். காட்டுக் காய்ச்சலில் செத்தவர்களும் உண்டு. அவர்கள் பேரை நான் படித்த எதிலும் காணோம். என் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அன்று பிறந்திருந்தால் சங்கிலிதான் சுமந்திருப்பேன். இன்று தியோடலைட்டுக்குப் பின்னால் நின்று கணக்குப் போடுகிற இடம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

எனவே நண்பர்களே, அரியர் விழுந்தால் சோர்ந்துவிடாதீர்கள். முதல் கோட்டைச் சரியாகப் போடுவோம். மற்ற முக்கோணங்கள் தானே வரும்!