கண்ணாடியின் பளபளப்பை அடக்கிய அம்மையார்

அம்மாபேட்டையில் அப்பா தறி நெய்த காசில் வாங்கிய பழைய லேப்டாப்பை சானிடைசர் ஊற்றித் துடைத்தேன். கண் கூசாமலிருக்க ஸ்கிரீனில் போட்டிருந்த பூச்சு திட்டுத்திட்டாக உரிந்துபோச்சு! அந்தப் பூச்சின் கதையைத் தேடியபோது கிடைத்தவர்தான் காதரின் பிளாட்ஜெட்.

1898ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தையைத் திருடன் சுட்டுக் கொன்றுவிட்டான். 1918-ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் முதல் பெண் விஞ்ஞானியாகச் சேர்ந்தார். 1926-ல் கேம்பிரிட்ஜில் இயற்பியல் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

தண்ணீர்மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் மிதக்கும் சோப்புப் படலத்தில் கண்ணாடியை முக்கி முக்கி எடுத்தார். என்ன பொறுமை பாருங்கள்! 1938-ல் 44 அடுக்கு ஏறியதும் பளபளப்பு அடங்கியது. படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் எதிரெதிராக மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதுதான் சூட்சுமம். 99 சதவீத ஒளி ஊடுருவிப் போனது.

ஆனால் தேய்த்தால் அவர் பூச்சும் போய்விடும்! கெட்டியான பூச்சை மற்றவர்கள் செய்தார்கள், வெற்றிடத்தில் மெக்னீசியம் புளோரைடை ஆவியாக்கிப் படியவைத்து. அம்மையார் 1979-ல் காலமானார்.

உரிந்த இடத்தில் இப்போது டியூப்லைட் தெரிகிறது. நன்றாகப் பிழிந்த ஈரத்துணி தவிர வேறெதுவும் வைப்பதில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.