வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி

தங்கள் பாஷையில் பொருள் சொல்லும் அகராதி கிடையாது. முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கிடையாது. அப்படியிருந்தும் ஓர் அந்நிய பாஷைப் புத்தகத்தைப் படித்தே தீருவது என்று உட்கார்ந்து, தம் நாட்டு வைத்தியத்தின் போக்கையே மாற்றிவிட்டார் ஒருவர்.

அவர் பெயர் சுகிதா கென்பாகு. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பெயர் இது.

1733-ல் எடோ நகரில் பிறந்தார். அன்றைய எடோதான் இன்றைய டோக்கியோ. பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டாள். தந்தை ஒபாமா என்ற சிற்றரசின் வைத்தியர். பிள்ளையும் அதே தொழிலுக்கு வந்தார்.

ஜப்பான் அப்போது கதவை அடைத்துக்கொண்டிருந்த நாடு. ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்கள் மட்டும் நாகசாகியை ஒட்டிய தெஜிமா என்ற குட்டித் தீவில் தங்கி வியாபாரம் செய்யலாம். அவர்களுக்கும் ஜப்பானியருக்கும் நடுவே பரம்பரைத் துவிபாஷிகள் இருந்தனர்.

டச்சு வியாபாரத் தலைவர் ஷோகனுக்கு மரியாதை செலுத்த எடோவுக்கு வருவது வழக்கம். 1766-ல் அப்படி வந்த கூட்டத்தில் நிஷி ஜென்சாபுரோ என்ற துவிபாஷியும் இருந்தார். கென்பாகுவும், அவரைவிடப் பத்து வயது மூத்த மாயேனோ ரியோதாக்கு என்ற வைத்தியரும் அவரைப் போய்ப் பார்த்தார்கள். டச்சு படிக்க ஆசை என்றார்கள்.

வேண்டாம், அது ஆகிற காரியமல்ல என்றார் நிஷி. குடிப்பதற்கு டச்சு மொழியில் என்ன சொல் என்று கேட்க வேண்டுமானால், கிண்ணத்தை வாயருகே கொண்டுபோய்ச் சைகை காட்டலாம். குடிப்பதில் பிரியம் உள்ளவன் என்பதற்கு எந்தச் சைகையைக் காட்டுவது? பிரியத்தைக் கையால் காட்ட முடியுமா?

நியாயமான கேள்விதான். கென்பாகு ஆசையைக் கைவிட்டு வீடு திரும்பினார். ரியோதாக்கு விடவில்லை. நாற்பது வயதுக்கு மேல் டச்சு எழுத்துக்களைப் படித்தார். நாகசாகிக்கும் போய்ச் சில நூறு சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்.

கொலைக்களத்தில் கண்ட உண்மை

1771-ல் கென்பாகுவின் கண்ணில் ஒரு டச்சுப் புத்தகம் பட்டது. குல்முஸ் என்ற ஜெர்மானிய வைத்தியர் எழுதிய உடற்கூறு நூலின் மொழிபெயர்ப்பு அது. அதில் ஓர் எழுத்துக்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் படங்கள்! தாம் சீன நூல்களில் படித்த நுரையீரல் அல்ல, ஈரல் அல்ல, அதில் இருந்தவை. புத்தகத்தின் விலையோ அவர் சக்திக்கு மீறியது. சிற்றரசு பணம் கொடுத்து வாங்கித் தந்தது.

அந்த ஆண்டு பழைய ஜப்பானியக் கணக்குப்படி மூன்றாம் மாதம் நான்காம் நாள், கொசுகாப்பரா கொலைக்களத்தில் மரண தண்டனை பெற்ற ஒரு கிழவியின் உடலை அறுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. ரியோதாக்குவும் வந்தார். அவர் மடியிலும் அதே புத்தகம்!

உடலை அறுத்தவர் தொண்ணூறு வயதுக் கிழவர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். பட்டம் பெற்ற வைத்தியர்கள் நின்று பார்க்க, அந்தக் கிழவர்தான் இது இருதயம், இது ஈரல் என்று எடுத்துக் காட்டினார். பெயர் தெரியாத உறுப்புகளையும் காட்டி, தாம் அறுத்த ஒவ்வோர் உடலிலும் இவை இதே இடத்தில் இருந்தன என்றார். அவர் இன்னாருடைய பாட்டனார் என்று எழுதிய கென்பாகு, அவர் பெயரை எழுதி வைக்காமல் போனது பெருங்குறை.

புத்தகமும் உடலும் அச்சாக ஒத்துப்போயின. மனித தேகத்தின் அமைப்பே தெரியாமல் இத்தனை நாள் பிரபுக்களுக்கு வைத்தியம் பார்த்தோமே என்று வெட்கத்தோடு நடந்தார்கள். வழியிலேயே முடிவாகிவிட்டது. மறுநாளே சுகிஜியில் இருந்த ரியோதாக்குவின் வீட்டில் கூடினார்கள்.

ஒரு பகலுக்கு ஒரு வரி

முதலில் உடலின் வெளித் தோற்றப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். தலை, கண், மூக்கு என்றால் தங்கள் பாஷையிலேயே தெரியும் அல்லவா? தெரிந்த உறுப்பை வைத்துத் தெரியாத சொல்லைப் பிடிக்கலாம் என்பது யோசனை. அப்படியும், புருவம் என்பது கண்ணுக்கு மேலே உள்ள மயிர் என்ற ஒரே வரி, நீண்ட வசந்த காலப் பகல் முழுவதையும் விழுங்கிவிட்டது. கடினமான சொற்களைவிட, வரிக்கு வரி வரும் சின்னஞ்சிறு இடைச் சொற்கள்தாம் அதிகம் படுத்தின.

மூக்கைப் பற்றிய வரியில் ஒரு சொல் வந்தது. ரியோதாக்குவின் சிறு கையேட்டில் அதற்குப் பொருள் இல்லை. இரண்டு உதாரணங்கள்தான் இருந்தன. கிளையை வெட்டினால் வெட்டிய இடம் அப்படி ஆகும். தோட்டத்தைப் பெருக்கினால் குப்பை சேர்ந்து அப்படி ஆகும். கென்பாகு யோசித்தார். வெட்டுப்பட்ட இடம் ஆறினால் மேடிடும். குப்பை சேர்ந்தாலும் மேடிடும். மூக்கு முகத்தில் மேடாக இருப்பது! விலைமதிப்பற்ற ரத்தினம் கிடைத்ததுபோல் இருந்ததாம் அவருக்கு.

எல்லாச் சொல்லும் இப்படி வசப்படவில்லை. வசப்படாத சொல்லுக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு கூட்டல் குறி இட்டார்கள். குதிரையின் கடிவாள இரும்பைப்போல் இருந்ததால் அதற்குக் கடிவாளக் குறி என்று பெயர். குறியைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள். ஆரம்பத்தில் பக்கமெல்லாம் கடிவாளம்தான்! மாதத்துக்கு ஆறேழு தடவை கூடினார்கள். ஓராண்டு கழிந்தபோது, தடையில்லாத பகுதியானால் ஒரு நாளில் பத்து வரி வரை ஓடிற்று.

இந்த மனப்பான்மையை மனோதத்துவ நிபுணர்கள் பிற்காலத்தில் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். வியன்னாவில் படித்து அமெரிக்காவில் குடியேறிய எல்ஸே பிரென்கெல்-பிரன்ஸ்விக் அம்மையார், தெளிவில்லாத நிலையைப் பொறுக்க முடியாத மனத்தைப் பற்றி 1949-ல் எழுதினார். பிற பாஷை கற்பிப்போரும் இதைக் கவனித்தார்கள். எகிப்தில் ஆங்கிலம் பயிலும் மாணவர்களை வைத்து நடந்து 2000-ல் வெளியான ஆய்வு ஒன்றில், புரியாமையைக் கொஞ்சமும் பொறுக்காதவர்களும், எதையும் பொறுத்துக்கொண்டு போனவர்களும் வாசிப்பில் பின்தங்கினார்கள். நடுத்தரமாகப் பொறுத்தவர்களே முந்தினார்கள்.

கடிவாளக் குறியின் சூட்சுமம் இதுதான். சொல் புரியவில்லையே என்று புத்தகத்தை மூடவும் இல்லை. புரிந்துவிட்டதாகப் பாவனை செய்யவும் இல்லை. கடன் சீட்டு எழுதிக் கொடுப்பதுபோல் குறி இட்டார்கள். பிறகு திரும்பி வந்து முடிந்ததை அடைத்தார்கள்.

அச்சேறிய நூல்

ஆனால் எத்தனை கடன் பாக்கி இருக்கும்போது நூலை வெளியிடலாம்? இதில்தான் நண்பர்கள் இருவரும் வேறுபட்டார்கள்.

கென்பாகுவுக்கு அவசரம். உடல்நலம் குன்றியவர்; ஆயுளில் நம்பிக்கை இல்லாதவர். நீங்களெல்லாம் காரியத்தை முடிக்கும்போது நான் புல்லுக்கு அடியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்பார். நண்பர்கள் அதையே சொல்லிக் கேலி செய்தார்கள். கூட்டம் கலைந்து வீடு வந்ததும் அன்று தெரிந்ததை அன்றே எழுதி வைப்பார். பதினோரு தடவை திருத்தி எழுதினார்.

அரசாங்கத்தைப் பற்றிய பயம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் டச்சு எழுத்துக்களை அச்சிட்ட நூல் ஒன்று தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே 1773-ல் சில படங்களை மட்டும் வெளியிட்டு ஆழம் பார்த்தார். எதிர்ப்பு இல்லை. 1774-ல் கைதாய் ஷின்ஷோ என்ற முழு நூலும் வந்தது.

அதில் மொழிபெயர்த்தவர் வரிசையில் ரியோதாக்குவின் பெயர் இல்லை! கூட்டத்தில் உண்மையாக டச்சு தெரிந்தவர் அவர்தான். புகழுக்காகப் படிக்கவில்லை என்று அவர் தெய்வ சன்னிதியில் வேண்டிக்கொண்டவர் என்பார்கள். அரைகுறையாக வெளிவரும் நூலில் பெயர் போட மனம் ஒப்பவில்லை என்றும் சொல்வார்கள். இரண்டுமே அவர் குணத்துக்குப் பொருந்தும். டச்சுப் பூதம் என்று அவருடைய பிரபுவே செல்லமாக அழைக்கும் அளவுக்கு, 1803-ல் இறக்கும்வரை அவர் படித்துக்கொண்டேதான் இருந்தார். அவர் இல்லாமல் நூல் இல்லை. அவர் பேச்சைக் கேட்டிருந்தால் அச்சும் இல்லை.

பிழைகள் இருக்கத்தான் செய்தன. ஆனாலும் நரம்புக்கு அவர்கள் படைத்த ஷின்கெய் என்ற சொல் ஜப்பானில் இன்றும் வழங்குகிறது. சுரப்பிக்குப் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை. டச்சு உச்சரிப்பை அப்படியே கிரீரு என்று எழுதி விட்டுவிட்டார்கள். பின்னால் உதகாவா கென்ஷின் என்ற வைத்தியர் அதற்கென்றே புதிதாக ஓர் எழுத்தை உருவாக்கினார். டச்சு - ஜப்பானிய அகராதி 1796-ல்தான் வந்தது. கென்பாகுவின் சீடர் ஓத்சுகி கென்தாக்கு குருவின் நூலைத் திருத்தி 1798-ல் முடித்தார். அது அச்சானது 1826-ல்.

அதைக் காணக் கென்பாகு இல்லை. சீக்கிரம் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், எண்பதைத் தாண்டி வாழ்ந்து 1817-ல் காலமானார். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1815-ல், பழைய நினைவுகளை எழுதி முடித்தார். மூக்குக் கதையை நாம் அறிவது அதிலிருந்துதான். பிற்காலத்து அறிஞர்கள் குல்முஸின் நூலைப் புரட்டிப் பார்த்தார்கள். மூக்கைப் பற்றிய பகுதியில் அந்தச் சொல் இல்லை! நாற்பத்து நான்கு ஆண்டுக்குப் பிந்திய நினைவு. சொல் இடம் மாறியிருக்கலாம்.

அந்த நினைவு நூலும் தீயில் அழிந்ததாக நினைத்திருந்த காலத்தில், ஒரு பிரதி தெருவோரப் புத்தகக் கடையில் அகப்பட்டது. 1869-ல் அதை அச்சிட்டவர் புகுசாவா யுகிச்சி. ரியோதாக்குவின் அதே நாகாட்சு சிற்றரசைச் சேர்ந்தவர். 1858-ல் அவர் டச்சுப் பள்ளிக்கூடம் தொடங்கியதும் சுகிஜியில், அந்தச் சிற்றரசின் மாளிகை வளாகத்தில்தான். அதுவே பின்னர் கெய்யோ பல்கலைக்கழகமாக வளர்ந்தது.