வைத்தியர் ஜேம்ஸ் மக்கியூன் ஸ்மித்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1813ஆம் ஆண்டில் அடிமைத் தாயொருத்தியின் வயிற்றிற் பிறந்தவர் ஜேம்ஸ் மக்கியூன் ஸ்மித். 1827இல் அம்மாகாணத்துச் சட்டம் அடிமைத்தளையை முற்றும் அறுத்தபோதே அவர் சுதந்திரரானார். ஆப்பிரிக்க இலவசப் பாடசாலையிற் கற்றுத் தேர்ந்த இவ்விளைஞர், வைத்தியம் பயில வேண்டிக் கொலம்பியா, ஜெனீவா என்னும் கலாசாலைகளின் வாயிலை அணுகினார். அவரது நிறத்தைக் கண்டு கதவடைத்தனரேயன்றி அறிவைச் சோதித்தாரிலர்.

குருவாகிய பீட்டர் வில்லியம்ஸ் முதலிய நண்பர் துணைசெய்ய, 1832இல் கடல் கடந்து ஸ்காத்லாந்து சேர்ந்தார். அந்நாட்டுக் கிளாஸ்கோ சர்வகலாசாலை அவரை ஏற்றது. 1835இல் பி.ஏ., 1836இல் எம்.ஏ., 1837இல் எம்.டி.! அமெரிக்கக் கறுப்பினத்தாருள் வைத்தியப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. தாய்நாடு தள்ளிய மாணவரும் இவரே என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நியூயார்க் மீண்டு, மருந்துச்சாலை நிறுவி, கறுப்பின அநாதைச் சிறுவர் விடுதியில் ஏறத்தாழ இருபதாண்டு வைத்தியஞ் செய்தார். அந்நாளில், 1840ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைக் காட்டி, விடுதலை பெற்ற கறுப்பருக்கே சித்தப்பிரமை மிகுதி என்று அடிமைமுறையை ஆதரித்தோர் வாதித்தனர். ஸ்மித் அக்கணக்கையே துருவி ஆராய்ந்தார். கறுப்பர் ஒருவரும் வசியாத ஊர்களிலுங்கூடக் கறுப்பருட் பித்தர் இத்தனை பேர் என்று எழுதப்பட்டிருந்தது! எண்களைக் கொண்டு பொய்யுரைத்தோரை எண்களாலேயே அவர் மடக்கிய திறம் நமக்குப் பேருவகை தருகின்றது.

ஆயினும் 1847இல் நியூயார்க் வைத்தியக் கழகம் அவரை அங்கத்தினராக ஏற்க மறுத்தது. 1865இல் அவர் காலமானார். அக்கழகம் அவருக்கு அப்பதவியை அளித்தது 2018இல்.