சோளப்பொரியும் பேர்சி ஸ்பென்சரும்

பொரி நமக்குப் புதிய பண்டமன்று. கலியாணப் பந்தரிலே பொரியிடும் சடங்கை அறியாதார் நம்முள் இலர். சுடுமணலில் இட்ட நெல் மல்லிகை மொட்டு அவிழ்ந்தாற்போல வெடித்து வெண்மையாய் மலர்வதைக் கண்டு களியாத குழந்தையும் இல்லை. சோளப்பொரியோ திருவிழாத் தெருவிலே கடதாசிப் பையில் விற்கப்படுவது. அதனை மணலும் நெருப்பும் இன்றி, மூன்று நிமிடத்துள், நுண்ணலை அடுப்பிலே பொரித்தெடுக்கும் வழக்கம் இக்காலத்து வீடுகள் பலவற்றில் உண்டு. நுண்ணலையைக் கொண்டு முதன்முதலில் வேண்டுமென்றே ஆக்கப்பட்ட உணவு இப்பொரியே என்பது பலர்க்குத் தெரியாது. அதனை ஆக்கியவர் தொடக்கக் கல்வியைத் தானும் முற்றுவியாத ஒருவர் என்பது அதனினும் சிலர்க்கே தெரியும்.

அவர் பெயர் பேர்சி ஸ்பென்சர். 1894 யூலையில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேயின் மாநிலத்தில், ஹௌலண்ட் என்னும் காட்டுப்புறச் சிற்றூரிலே பிறந்தார். ஒன்றரை வயது நிரம்புமுன் தந்தை இறந்தார். தாய் குழந்தையை அத்தை குடும்பத்திடம் ஒப்புவித்துப் போய்விட்டாள். வளர்த்த மாமனாரும் பேர்சிக்கு ஏழு வயதாகும்போது காலமானார். அத்தையும் பிள்ளையுமே எஞ்சினர். பன்னிரண்டாம் வயதில், நூல் சுற்றும் மரக்கட்டை செய்யும் ஆலை ஒன்றிலே வேலைக்கமர்ந்தான் சிறுவன். பொழுது புலருமுன் புறப்பட்டுப் பொழுது பட்டபின் திரும்பும் வேலை. இவ்வாறு நான்கு ஆண்டுகள் கழிந்தன.

பதினாறாம் வயதில் அவன் காதில் ஒரு செய்தி விழுந்தது. அயலிலுள்ள காகித ஆலைக்கு மின்சாரம் பூட்டப்போகின்றார்கள் என்பதே அது. அக்காலத்தில் அக்காட்டூரில் மின்சாரத்தை அறிந்தவர் அரியர். பேர்சியும் அறியான். ஆயினும் ஆங்காங்கே வாசித்தும் கேட்டும் இயன்றதைத் திரட்டிக்கொண்டு போய் வேலை கேட்டான். அப்பணிக்கு எடுக்கப்பட்ட மூவருள் ஒருவனானான். கம்பியைத் தொட்டுத் தொட்டே தொழிலைக் கற்று, வேலை முடியும்போது தேர்ந்த மின்வினைஞனாக வெளியே வந்தான்.

1912 ஏப்பிரலில் டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் மூழ்கியது. மூழ்குங்கால் அதன் கம்பியில்லாத் தந்தியாளர் தம்முயிரையும் பாராது செய்தி அனுப்பிக்கொண்டிருந்த வரலாறு உலகெங்கும் பரவிற்று. அதனைக் கேட்ட பேர்சிக்கு அவ்வித்தையைக் கற்றேயாகவேண்டும் என்னும் வேட்கை பிறந்தது. கற்பதற்குப் பணம் வேண்டுமே. அது கையில் இல்லை. பணமின்றிக் கற்பிக்கும் இடம் கடற்படை ஒன்றே எனக் கண்டு அதிற் சேர்ந்தார். இரவிற் காவல் நிற்கும் வேளைகளிலே திரிகோணகணிதமும் நுண்கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் உலோகவியலும் நூல்களைக் கொண்டு தாமே கற்றார். மணியடித்ததும் புத்தகத்தை மூடுகின்ற மாணவரையே நாள்தோறும் கண்டு பழகிய எம்போன்ற ஆசிரியர்க்கு இச்செய்தி சிறிது பொறாமையைத் தருவது. அம்மாணாக்கர்க்கு ஆசிரியர் எவரும் வேண்டியிருக்கவில்லை என்பதை எண்ணும்போது சிறிது நாணமும் உண்டாகும்.

இருபதுகளின் நடுப்பகுதியில் ஸ்பென்சர் மசாச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ரேதியோன் என்னும் கம்பனியிற் சேர்ந்தார். அக்கம்பனி 1922இல் வேறு பெயரோடு தொடங்கி, 1925இல் இப்பெயரை ஏற்றது; வானொலிக்கு வேண்டும் குழாய்களைச் செய்வது. குழாயின் நுட்பங்களில் அவருக்கு இணையானவர் அங்கே சிலரே என்னும் நிலை விரைவில் ஏற்பட்டது. இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரண்டல், பூற் என்னும் இருவர் புதுவகை மக்னெற்றோன் குழாயை ஆக்கினர். பகைவிமானத்தைத் தொலைவிலேயே காட்டும் றேடார்க் கருவிக்கு உயிர்நிலை அது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஆங்கிலேய அறிஞர் குழுவொன்று அதனை மறைவாக அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது.

குழாய் கிடைத்தது, ஆனாற் பெருந்தொகையாகச் செய்ய வழியில்லை. திண்ணிய செப்புக் கட்டியை மயிரிழை பிசகாமற் குடைந்து அதனைச் செய்யவேண்டும். கைதேர்ந்த கம்மியனுக்கும் நெடுநேர வேலை. ரேதியோன் ஆலையில் நாளொன்றுக்குப் பதினேழு குழாய்களே முடிந்தன என்பர். ஸ்பென்சர் கட்டியைக் குடைவதை விட்டார். மெல்லிய செப்புத் தகடுகளை வேண்டும் வடிவில் அச்சிலே வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளிப் பற்றாசால் ஒட்டிச் சூளையிலிட்டார். போர் முடியுமுன் நாளொன்றுக்கு 2,600 குழாய்கள் வெளிவந்தன. இப்பணிக்காகக் கடற்படை அவருக்கு உயர்ந்த விருதளித்துச் சிறப்பித்தது.

இனிப் பொரிக்கு வருவாம். 1945 அளவில், இயங்கிக்கொண்டிருந்த மக்னெற்றோன் குழாயின் முன்னே ஒருநாள் ஸ்பென்சர் நின்றார். சட்டைப் பையில் இருந்த தின்பண்டம் இளகிக் கூழானதைக் கண்டார். அது சொக்கலேற் என்றே கதை வழங்குகின்றது. அவர் பேரனோ, அது வேர்க்கடலைக் கட்டி என்றும், அணிற்பிள்ளைகளுக்கு இடுவதற்காகப் பாட்டனார் வைத்திருந்தது என்றும் கூறியுள்ளார். பேரன் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகின்றது. சொக்கலேற் உடற்சூட்டிலேயே இளகுவது; அது பையில் இளகியதைக் கண்டு எவரும் வியந்து நிற்கார்.

இந்நிகழ்ச்சியைத் தற்செயற் கண்டுபிடிப்பு என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார் பலர். அது நேரிய கூற்றன்று. அக்குழாயின் அருகில் வெப்பந் தோன்றுவதை அவர்க்கு முன்னும் சிலர் உணர்ந்திருந்தனர். உணர்ந்தவர் வாளா இருந்தனர். ஸ்பென்சர் செய்ததென்ன? கடையிலிருந்து பொரிச்சோளம் வாங்கிவரச் செய்தார். மணிகளைக் குழாயருகே வைத்தார். அவை படபடவென்று வெடித்து ஆய்வுகூடத் தரையெங்கும் சிதறின. பையில் இளகிய பண்டம் தற்செயல். சோளத்தைத் தெரிந்தெடுத்தது தற்செயலன்று. இளகுதல் வெயிலாலும் நேரும், உடற்சூட்டாலும் நேரும். பொரிதல் அவ்வாறன்று, மிகுந்த வெப்பம் மணியினுள்ளே புகுந்தாலன்றிப் பொரி மலராது. ஐயத்துக்கு இடம்வையாத சாட்சியாக அவர் சோளமணியை அழைத்தார் என்பதே எமது கருத்து.

அதன் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். பொரிச்சோளம் பிற சோளத்தினும் வேறானது. அதன் தோல் வன்மையும் செறிவும் உடையது. உள்ளே மாப்பொருளும், நூற்றுக்கு ஏறக்குறையப் பதினான்கு பங்கு நீரும் அடங்கியிருக்கும். மணி சூடேற, அந்நீர் ஆவியாக முயலும். தோல் விடாது தடுக்கும். வெப்பம் 180 பாகை செல்சியசை அணுகும்போது உள்ளழுத்தம் வளியமுக்கத்தின் ஒன்பது மடங்களவாகும். அப்பொழுது தோல் கிழியும். குழைந்திருந்த மா நுரைத்துப் பொங்கி அக்கணமே ஆறி உறையும். அதுவே பொரி. நுண்ணலை இவ்வினையில் என்ன செய்கின்றது? அடுப்பினுள் அலை செக்கனுக்கு 245 கோடி முறை அதிர்கின்றது. நீரின் மூலக்கூறுகள் அதனோடு திரும்ப முயன்று முட்டிமோதிச் சூடேறுகின்றன. உணவு நடுவிலிருந்தே வேகின்றது எனச் சிலர் நம்புவது பிழை. அலை சில சதமமீற்றர் ஆழமே புகும். சோளமணி சிறிதாகலின் அதற்கு அவ்வாழம் போதும்.

மறுநாள் முட்டையொன்றைச் சோதித்தார்கள். கேத்தலொன்றின் பக்கத்தில் துளையிட்டு, முட்டையை உள்ளே வைத்து, அலையைச் செலுத்தினர். முட்டை நடுங்கத் தொடங்கியது. உடன் பணியாற்றிய ஒருவர் ஆவல் மேலிட்டுக் குனிந்து நோக்கினார். அது வெடித்து அவர் முகமெல்லாம் மஞ்சட்கரு வழிந்தது. ஓட்டோடு முட்டையை அவ்வடுப்பில் வைத்தல் ஆகாது என்னும் பாடம் அன்றே கற்பிக்கப்பட்டதாயினும், இன்றும் அதனை முகத்தாற் கற்பார் உளர்.

1945 ஒக்டோபரில் நுண்ணலையால் உணவு சமைக்கும் முறைக்கு உரிமைப்பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார் ஸ்பென்சர். அது 1950 சனவரியிற் கிடைத்தது. இடையே, 1947இல் றேடாரேஞ்ச் என்னும் முதலடுப்பு விற்பனைக்கு வந்தது. ஆள் உயரம், ஏறக்குறைய 750 இறாத்தல் நிறை, சூடு தணிக்கத் தண்ணீர்க் குழாயும் வேண்டும். கப்பலும் பெருவிடுதியுமே அதனை வாங்கக்கூடியவை. அவ்வாண்டிலேயே ஸ்பென்சர் மற்றொரு விண்ணப்பமும் இட்டார். பொரிச்சோளக் கதிரை முழுதாக உறையொன்றிலிட்டு நுண்ணலையிற் பொரித்தல் பற்றியது அது. 1949 ஓகத்தில் அவ்வுரிமை வழங்கப்பட்டது. எத்தனையோ பெருங் கருவிகளுக்கிடையே ஒரு பை பொரியை அவர் மறந்தாரல்லர்.

உறைக்குட் பொரி என்னும் அவ்வெண்ணம் எண்பதுகளிற் கடைதோறும் விற்கும் சரக்காயிற்று. உடன் வேறு சிலவும் நுழைந்தன. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்த்த டயசெற்றில் என்னும் பொருளின் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்க்கு நுரையீரலின் நுண்குழாய்கள் தழும்பேறி அடைபட்டன. 2000ஆம் ஆண்டில் மிசூரி மாநில ஆலையொன்றின் முன்னாள் தொழிலாளர் எண்மரிடத்து அந்நோய் கண்டறியப்பட்டது. அது மீளாத நோய். 2007 தொடக்கம் பெரிய கம்பனிகள் அப்பொருளை விலக்கின. எண்ணெய் ஊறாதிருக்கப் பையிற் பூசிய, எளிதில் அழியாத புளோரீன் சேர்மங்களும் அமெரிக்காவில் உணவுப் பொதிகளுக்கென விற்கப்படுவது நின்றுவிட்டது என 2024 பெப்ரவரியில் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் அறிவித்தது. தின்பவர் வாய்ச்சுவைக்காகச் செய்பவர் மூச்சு போனதை எண்ணினால், வீட்டிற் பொரிப்பதன் அருமை விளங்கும்.

அது கடினமுமன்று. வெப்பந் தாங்கும் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று மேசைக்கரண்டி பொரிச்சோளம் இடுக. எண்ணெய் வேண்டா. அடுப்புக்கேற்ற பீங்கான் தட்டினால், ஆவி வெளியேறச் சிறிது இடைவிட்டு மூடுக. இரண்டு முதல் நான்கு நிமிடம் போதும். ஆயின் மணிக்கூட்டினும் காதையே நம்புக. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே இரண்டு செக்கன் கழியுமாயின் நிறுத்திவிடுக. எஞ்சியதைப் பொரிக்க முயன்றாற் பொரிந்தது கருகும். துணியாற் பிடித்து, மூடியை முகத்துக்கு அப்பாற் சாய்த்துத் திறக்க. உப்பைப் பின்னரே தூவுக. சில துளி நல்லெண்ணெய் தெளித்தால் உப்பும் மிளகுத்தூளும் ஒட்டும். கடதாசிப் பையிற் பொரிப்போர் பழங் கடதாசியாற் செய்த பையையும் உலோக ஊசி குத்திய பையையும் விலக்குக, அவை தீப்பற்றலாம். பல மணிகள் பொரியாது கிடந்தால் அவை உலர்ந்துவிட்டன என்பது பொருள். போத்தலிலிட்டுக் கரண்டி நீர் தெளித்து இறுக மூடிச் சில நாள் வைத்தாற் குணப்படும். இவ்வாறு பொரித்த ஒரு கோப்பைப் பொரியில் எண்ணெய் சேராதவிடத்து ஏறக்குறைய 30 கலோரியே உண்டு. தவிட்டோடு கூடிய முழுத்தானியம் அது. நான்கு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது, தொண்டையில் அடைக்கும்.

நிற்க. அடுப்பினால் ஸ்பென்சர் பெற்ற பொருள் யாது? கம்பனி தன் ஊழியர் கண்டுபிடிப்பொன்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் இரண்டு டொலரே அவருக்கும் கிடைத்தது என்பர். விற்பனையிற் பங்கில்லை. அவர் அதுபற்றி முறையிட்டதாகவும் செய்தியில்லை. எமக்கோ அது நெஞ்சை உறுத்துகின்றது. ஆயினும் பதவியும் மதிப்பும் அவரை வந்தடைந்தன. நூற்றுக்கு மேற்பட்ட உரிமைப்பத்திரங்கள் அவர் பெயரில் உள்ளன. கம்பனியின் துணைத்தலைவருள் ஒருவராகவும் நிருவாக சபையினராகவும் உயர்ந்தார். மசாச்சூசெற்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. பாடசாலைச் சான்றிதழ் ஒன்றும் இல்லாதவர் பெற்ற முதற் பட்டம் அதுவே.

1955இல் தப்பன் கம்பனி வீட்டுக்கென ஆக்கிய அடுப்பின் விலை 1,295 டொலர், வாங்குவார் அரியராயினர். ரேதியோன் 1965இல் அமானா என்னும் கம்பனியைத் தனதாக்கி, 1967இல் மேசைமேல் வைக்கத்தக்க சிற்றடுப்பை 495 டொலருக்கு வெளியிட்டது. அதன் பின்னரே நுண்ணலை எளியார் அடுக்களைக்குட் புகத் தொடங்கியது. ஸ்பென்சர் 1970 செப்டெம்பர் 8ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில், மசாச்சூசெற்ஸ் மாநிலத்து நியூற்றன் நகரிற் காலமானார். மேசையடுப்பு வெளிவந்து அப்பொழுது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.